கூத்திரவும் உல்லாச மேடையும்: மட்டக்களப்பு மக்கள் கலை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில், காத்தான்குடிக்குத் தெற்கே, கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த பழம்பெரும் ஊர் ஆரையம்பதி. ஒருபுறம் வாவி, மறுபுறம் வங்காள விரிகுடா, இடையே மணற்பாங்கான ஒடுங்கிய நிலம். வாவிக்கு அப்பால், சூரியன் மறையும் திசையில், நெல்வயல்கள் பரந்த படுவான்கரை. இப்பால், சூரியன் எழும் திசையில், மீன்பிடியும் தென்னையும் சிறு வணிகமும் நிறைந்த எழுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, இவ்விரு கரைகளையும் இப்பகுதியில் இணைத்தது மண்முனைத்துறையின் ஓடமே. நெல்லும் மீனும் மட்டுமன்றி, கூத்தும் அண்ணாவிமாரும் இவ்வாவியைக் கடந்தே கரைக்குக் கரை சென்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வாவியை உலகறியச் செய்தது மீன். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த குடியேற்ற ஆட்சி அதிகாரியான சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், இராக்காலத்தில் வாவி நீரின் அடியிலிருந்து எழுந்த இசையொலியைத் தாம் கேட்டதாகப் பின்னர் எழுதினார். அன்று தொட்டு 'பாடும் மீன்' இப்பிரதேசத்தின் அடையாளமாயிற்று. 'மீன் பாடும் தேன்நாடு' என்ற தொடர் மேடைதோறும் ஒலிக்கின்றது. உல்லாசப் பிரயாணிகளுக்கான வழிகாட்டிகளிலும் இடம்பெறுகின்றது. ஆயின், இதே வாவிக் கரைகளில் இரவு முழுவதும் பாடியாடிய மனிதர் பற்றி அவ்வழிகாட்டிகள் கூறுவன மிகச் சிலவே. இம்மௌனம் தற்செயலானதன்று. மீன் கூலி கேட்பதில்லை.

இக்கட்டுரை பாடும் மனிதர் பற்றியது. மட்டக்களப்பின் மரபுவழிக் கூத்து முதலிற் கிராமத்தின் களரியிலும், பின்னர்ப் பல்கலைக்கழகம் அமைத்த மேடையிலும், இறுதியில் உல்லாசப் பிரயாணத்துறையின் எல்லைக்குள்ளும் எவ்வாறு இயங்கியது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே எமது நோக்கம். கூத்து 'சிதைந்துவிட்டது' எனப் புலம்புவோரும், அது 'வளர்ந்துவிட்டது' எனப் பெருமிதங் கொள்வோரும் பெரும்பாலும் ஆட்டத்தையும் பாட்டையும் உடுப்பையுமே நோக்குகின்றனர். நாம் நோக்குவது உறவை. ஆடுவோனுக்கும் காண்போனுக்கும் இடையிலான உறவு யாது? அக்கலையின் செலவை யார் ஏற்கின்றனர்? அதன் கால அளவை யார் தீர்மானிக்கின்றனர்? இவ்வினாக்களுக்கான விடைகள் மாறும்போது, ஒரு தாளக்கட்டேனும் மாறாதிருப்பினுங்கூடக் கலை வேறொன்றாகிவிடுகின்றது என்பதே எமது துணிபு.

2

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். பாரத, இராமாயணப் போர்க்கதைகள் பெரும்பாலும் வடமோடிக்கு உரியன. காதலும் கற்பனையும் கலந்த 'அலங்காரரூபன்' போன்ற கதைகள் தென்மோடிக்கு உரியன. ஆட்டமுறை, பாடும் முறை, உடை, முடி என்பனவற்றிலும் இரண்டும் வேறுபடும். இவற்றோடு வசந்தன் கூத்து, மகுடிக் கூத்து, பறைமேளக் கூத்து முதலியனவும் இப்பிரதேசத்துக்கு உரியன. வசந்தன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் திரட்டி 1940இல் நூலாக்கினார். இப்பிரதேச மக்களின் வாழ்வையும் வழக்காறுகளையும் தொகுத்துரைத்த வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. சி. மௌனகுரு இக்கூத்துகளைக் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு விரிவாக ஆராய்ந்தார். இவற்றின் வழியாகக் கூத்தின் வடிவம் பற்றி இன்று நாம் நிறையவே அறிவோம்.

எனினும், ஒரு கூத்து ஆடப்படும்வரை ஊரில் நிகழ்வன யாவற்றையும் உற்பத்தி முறையொன்றின் படிகளாக நோக்குவது பயனுடையது. முதலில் ஊரார் கூடி இன்ன கூத்து எனத் தீர்மானிப்பர். அண்ணாவியார் ஒருவர் வெற்றிலை வைத்து அழைக்கப்படுவார். அவர் ஆடுவோரைத் தெரிந்து, அவரவர் பாடவேண்டிய பகுதியை ஒப்படைப்பதே சட்டம் கொடுத்தல். பயிற்சி ஓரளவு முதிர்ந்ததும் சதங்கை அணிதல். வாரந்தோறும் கிழமைக் கூத்து. முழுவதையும் ஒழுங்காக ஆடிப்பார்க்கும் அடுக்குப் பார்த்தல். அதன்பின் அரங்கேற்றம். அரங்கேற்றத்தின் பின் வீட்டுக்கு வீடு சென்று ஆடுதல். இப்பயிற்சி பல மாதங்கள் நீடிக்கும். பகலில் வயலிலும் தோணியிலும் உழைத்தவர்கள் இரவில் மத்தளத்தைச் சுற்றிக் கூடுவர். பயிற்சிக்களரியைச் சுற்றி ஊர்ச் சிறுவர் கூடுவர். அரங்கேற்றத்துக்கு முன்னரே பாட்டுகள் ஊரார்க்கு மனப்பாடமாகிவிடும்.

அரங்கேற்றக் களரி வட்டமானது. நடுவே மத்தளத்தோடு அண்ணாவியாரும், சல்லரி தட்டுவோரும், பிற்பாட்டுப் பாடுவோரும் நிற்க, அவர்களைச் சுற்றி ஆட்டம் நிகழும். களரியைச் சூழ நாற்புறமும் மக்கள் பாய் விரித்து அமர்வர். முன்னிரவில் தொடங்கும் கூத்து விடியலில் வாழி பாடி முடியும். குழந்தைகள் தாயின் மடியில் உறங்குவர். தமக்குப் பிடித்த கட்டம் வரும்போது எழுப்பிவிடுமாறு சொல்லிவைத்தே உறங்குவர். முதியோர் பாட்டைக் கூடவே முணுமுணுப்பர். கட்டியகாரன் வருகையோடு தொடங்கி ஒவ்வொரு பாத்திரமும் வரவு ஆடி நுழைகையில், அவனுடைய உறவினர் பரிசில் கொடுத்து மகிழ்வர்.

'குடும்பத்தோடு கண்டு களிக்கத்தக்க கலை' என இன்றைய விளம்பரங்கள் ஒரு தகுதியைக் கூறிக்கொள்கின்றன. அதன் பொருள், குழந்தைகளுக்கு ஒவ்வாதன எவையும் அங்கு இரா என்பதாகும். கூத்திரவுக்கு இத்தகுதிச் சான்று வேண்டப்படவில்லை. அங்கு குடும்பம் காண்போர் கூட்டத்தில் மட்டும் இருக்கவில்லை, களரிக்குள்ளும் இருந்தது. தருமனாக வருபவன் ஒருத்திக்கு மகன், இன்னொருத்திக்குக் கணவன், மூன்றாமவளுக்கு மச்சான். அவன் தாளம் பிசகினால் அது அவ்வீட்டின் மானப்பிரச்சினை. அவன் நன்றாக ஆடினால் அப்புகழ் அறுவடைக்காலம்வரை பேசப்படும்.

ஆடுவோர் கூலி பெறவில்லை. உடுப்புக்கும் பிறவற்றுக்கும் தாமே செலவிட்டனர் அல்லது ஊர் திரட்டிய பணத்திலிருந்து செலவு ஈடுசெய்யப்பட்டது. அண்ணாவியார் பெற்றதும் விலையன்று. ஊரின் மதிப்பைப் பொருளாகக் காட்டும் சன்மானம். கூத்து ஏடு அண்ணாவியாரின் கையிலிருப்பினும், அதனை இயற்றியவர் பெயரை ஊரார் கேட்பதில்லை. அது பொதுச் சொத்து. வேறோர் ஊரார் கேட்பின் பார்த்தெழுத இடமுண்டு.

பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் தமிழிலக்கிய ஆய்விலும் நாடக ஆய்விலும் புதுத்தடம் வகுத்தமைக்கு, பேர்மிங்காமில் அவர்கள் ஜோர்ஜ் தொம்சனிடம் பெற்ற பயிற்சி ஒரு காரணம் என்பதை இவ்விதழின் வாசகர் அறிவர். கிரேக்கப் பேராசிரியரான தொம்சன் இளமையில் அயர்லாந்தின் பிளாஸ்கெற் தீவுக்குச் சென்று, அங்கு வாழ்ந்த மீனவர், குடியானவர் மொழியைக் கற்றார். கவிதை அம்மக்களின் அன்றாடப் பேச்சோடும் உழைப்போடும் பிரிவின்றிக் கலந்திருந்ததை அங்கு கண்டதே பண்டைக் கிரேக்கக் கவிதையைப் புரிந்துகொள்ளத் தமக்கு உதவியது எனக் கருதினார். கூத்துக் களரியைச் சுற்றி அமர்ந்த எவரும் இக்கருத்தை எளிதில் விளங்கிக்கொள்வர்.

3

ஆயின், கூத்திரவைக் குற்றமற்ற பொற்காலமாகக் காட்டுவது வரலாற்றுக்குப் புறம்பானது. அது நிலவுடைமைச் சமூகத்தின் கலை. அச்சமூகத்தின் ஏற்றத்தாழ்வுகள் யாவும் அதிலும் இருந்தன.

முதலாவது, நிலம். பெருவயல்களை உடைய போடியார்களின் ஆதரவின்றிப் பல ஊர்களிற் கூத்து அரங்கேறுதல் அரிது. எப்பாத்திரம் யார்க்கு என்ற முடிவில் குரல்வளமும் உடற்கட்டும் மட்டுமன்றி, ஊரிற் குடும்பத்துக்கிருந்த நிலையும் செல்வாக்குச் செலுத்தியது. களரியில் அரசனாக வந்தவன் யார், சேவகனாக வந்தவன் யார் என்பது ஆராயத்தக்கது.

இரண்டாவது, சாதி. மத்தளத்துக்குக் கிடைத்த மதிப்புப் பறைக்குக் கிடைக்கவில்லை. சடங்கிலும் சாவிலும் இன்றியமையாததாக இருந்த பறைமேளம், கலை என்ற மதிப்பினைப் பெற நெடுங்காலம் காத்திருக்கவேண்டியிருந்தது. இசையிலும் தாள நுட்பத்திலும் எவ்வகையிலும் குறையாத அக்கலைஞர், இழிவு சுமத்தப்பட்ட கடமையாகவே அதனைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். அவர்களுட் பலர் பறையடிக்க மறுத்தது கலையை வெறுத்தமையாலன்று. அதனோடு பிணைக்கப்பட்ட அடிமைத்தனத்தை வெறுத்தமையாலேயாம்.

மூன்றாவது, பெண். திரௌபதியும் சீதையும் அல்லியும் ஆண்களே. பெண்கள் களரியைச் சூழ அமர்ந்தனர். பாடல்களை மனப்பாடமாக அறிந்திருந்தனர். உடுப்புத் தைத்தும் உணவு சமைத்தும் உழைத்தனர். களரிக்குள் கால்வைக்க மட்டும் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. குடும்பக்கலை என நாம் மேலே கூறியது இவ்வரையறையோடு கொள்ளத்தக்கது. குடும்பத்தினுள் நிலவிய அதிகாரமே களரியிலும் நிலவியது.

இவ்வாறு கூறுவதால் கூத்திரவின் பெறுமதி குறைந்துவிடாது. அக்கலையை ஆக்கியோரும் துய்த்தோரும் ஒரே மக்கள் என்ற உண்மையும், அம்மக்களிடையே சமத்துவம் இருக்கவில்லை என்ற உண்மையும் ஒருங்கே மனங்கொள்ளத்தக்கன. முன்னதை மட்டும் காண்போர் மரபுவாதிகளாவர். பின்னதை மட்டும் காண்போர் கூத்தைப் பழைமையின் எச்சமெனத் தள்ளிவிடுவர்.

4

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை மாறத் தொடங்கியது. இலவசக் கல்வியும் சுயமொழிக் கல்வியும் கிராமத்து இளைஞரைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றன. 1956இன் அரசியல் மாற்றத்தையொட்டி எழுந்த தேசியப் பண்பாட்டு விழிப்பும் இதற்குத் துணையாயிற்று. அவ்வாண்டிலேயே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகத்தின் போக்கை மாற்றியமைத்த 'மனமே'யை மேடையேற்றினார். அதற்கு ஊற்றாக அமைந்த நாடகம எனும் சிங்களக் கூத்து வடிவம், தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடையது. அயலார் வீட்டில் மதிப்புப் பெற்ற பின்னரே எம்மவர் தம் வீட்டுப் பொருளைத் திரும்பிப் பார்த்தனர் எனின் அது மிகையாகாது.

பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இப்பணியை முன்னெடுத்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', அதன்பின் 'இராவணேசன்', 1968இல் 'வாலி வதை' என்பன மேடையேறின. மட்டக்களப்பிலிருந்து சென்ற மாணவர்கள் ஆடினர். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் கூத்தறிவு பல்கலைக்கழக மாணவர்க்குப் பயிற்சியாயிற்று. கிராமத்துக் குடியானவரின் ஆட்டம் நகரத்துக் கற்றோர் அவையில் நிமிர்ந்து நின்றது. நாட்டார் கலை பற்றி நிலவிய இழிநோக்கு அகன்றது. இது முற்போக்கான சாதனை என்பதில் ஐயமில்லை.

இச்சாதனையின் விலை யாது என்பதையும் நாம் கணக்கிடல் வேண்டும். இரவு முழுவதும் ஆடப்பட்டது ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துள் அடங்குவதாயிற்று. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. நாற்புறமும் இருந்த மக்கள் ஒருபுறத்து இருக்கைகளுக்கு மாறினர். அண்ணாவியார் களரியின் நடுவிலிருந்து மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தார். இம்மாற்றங்களுக்கு அழகியற் காரணங்கள் கூறப்பட்டன, அவை பொருந்துவனவுமாம். ஆயின் அடிப்படைக் காரணம் காண்போரின் வர்க்க மாற்றமே. மறுநாட் காலை அலுவலகம் செல்லவேண்டிய மத்தியதர வர்க்கத்தினர் விடியும்வரை விழித்திருக்க இயலாது. அறுவடை முடிந்த விவசாயியின் இரவுக்கும் அலுவலரின் மாலைக்கும் இடையிலுள்ள வேறுபாடே கூத்தின் நீளத்தைத் தீர்மானித்தது.

மேடைக்கு வந்தமையாற் கூத்து பெற்ற இன்னொரு பேறு இங்கு சுட்டற்பாலது. வடமோடி ஆட்டமுறையைக் கொண்டு வர்க்கப் போராட்டத்தைச் சித்திரித்த மௌனகுருவின் 'சங்காரம்' இம்மேடையின் வழியே பிறந்தது. யாழ்ப்பாணத்தில் 1968இல் நிகழ்ந்த மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் பின்னணியில், அம்பலத்தாடிகள் 'கந்தன் கருணை'யைக் கூத்து மரபில் ஆடினர். மன்னரின் போரைப் பாடிய தாளம் ஒடுக்கப்பட்டோரின் போரைப் பாடவும் வல்லது என்பது நிறுவப்பட்டது. பழைய வடிவம் பழைய உள்ளடக்கத்துக்கே அடிமையன்று.

ஆரையம்பதி போன்ற ஊர்களில் இக்காலத்திற் கூத்தோடு சமூக நாடகங்களும் வளர்ந்தன. கதாசிரியரும் 'மலர்' ஏட்டின் ஆசிரியருமான அன்புமணி, நாடக ஆசிரியர் ஆரையூர் இளவல் முதலியோர் இவ்வூரின் மைந்தர். கூத்துக் களரியைச் சுற்றி வளர்ந்த தலைமுறையினரே சமூக நாடகத்தின் மேடையையும் அமைத்தனர்.

5

பல்கலைக்கழக மேடை மத்தியதர வர்க்கத்தை நோக்கிக் கூத்தைத் திருப்பிய அதே காலத்தில், இன்னொரு காண்போர் கூட்டம் இத்தீவுக்கு வரத் தொடங்கியது. 1966இல் இலங்கை உல்லாசப் பிரயாண சபை சட்டத்தின் வழி அமைக்கப்பட்டது. 1970களில் மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள பாசிக்குடா, கல்குடாக் கரைகளில் விடுதிகள் எழுந்தன. 1978 நவம்பரில் வீசிய சூறாவளியும், 1983இன் பின் மூண்ட போரும், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையும் இத்தொழிலைக் குலைத்தன. 2009இல் போர் முடிந்தபின் பெருமுதலீட்டு விடுதிகள் பாசிக்குடாவில் மீண்டும் எழுந்தன; மீனவர் தோணிகளை இழுத்துவிடும் கரை குறுகியது.

விடுதியின் இரவுணவு வேளைக்குப் பாட்டும் ஆட்டமும் தேவை. இலங்கையின் கடற்கரை விடுதிகளிற் பொதுவாக ஒலிப்பது பைலா. இங்கு மட்டக்களப்புக்குரிய ஒரு வரலாறு பொதிந்துள்ளது. போர்த்துக்கேய வழிவந்த கிறியோல் மொழியைப் பேசிய பறங்கியர் சமூகம் மட்டக்களப்பு நகரில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றது. தச்சர், கம்மியர், தையற்காரர் முதலிய உழைப்பாளர் நிறைந்த சமூகம் அது. அவர்தம் திருமண வீடுகளில் வயலின் இசைக்கும் மேளத்துக்கும் இணங்க ஆணும் பெண்ணும் ஆடுவது கவிறிஞ்ஞா. புத்தளத்துக் காபிரியரின் இசையோடு பறங்கியரின் இவ்விசையும் பைலாவின் ஊற்றுகளாகக் கொள்ளப்படுகின்றது. 1940களின் பிற்பகுதியிலிருந்து வொலி பஸ்ரியன் போன்றோர் பைலாவைச் சிங்கள மக்களிடையே பரப்பினர். வானொலியும் இசைத்தட்டும் அதனை நாடெங்கும் கொண்டுசென்றன. இன்று உல்லாசப் பிரயாணி தன் மேசையருகே கேட்பது இவ்வாறு பல கை மாறிவந்த இசை. அதன் ஊற்றாக இருந்த சமூகமோ மொழியைப் பெருமளவு இழந்து நிற்கின்றது. ஆழிப்பேரலையில் டச் பார்ப் பகுதியில் வாழ்ந்த பறங்கியர் பலர் மாண்டனர். இசை நாட்டின் சொத்தாயிற்று. இசைத்தோர் கணக்கில் அதன் வருவாயில் எதுவும் சேரவில்லை.

கூத்துக்கு நேர்ந்தது சற்று வேறானது. பைலாவைப்போல அதனை எளிதிற் பெயர்த்தெடுத்து விற்க இயலவில்லை. கதையறியாதவனுக்கு ஓரிரவு நீளும் கூத்து பொருளற்றது. எனவே அதன் தோற்றம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. விழாக்களில் அதிதிகளை வரவேற்கக் கூத்துடுப்போடு கலைஞர் வரிசையாக நிறுத்தப்படுகின்றனர். முடி தரித்த அரசன் வாயிலில் நின்று அலுவலரை ஊர்வலமாக அழைத்துச் செல்கின்றான். விடுதியின் புல்வெளியிலும் கூத்துக்கு ஒதுக்கப்படக்கூடியது வரவாட்டத்தின் சில நிமிடத் துண்டே. பாத்திரம் வருகின்றது, கதை வருவதில்லை.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய போக்கன்று. முதலாளித்துவம் முதிர்ந்த ஐக்கிய அமெரிக்காவில் இதன் முழுவடிவத்தைக் காணலாம். அங்கு மலைநாட்டு ஏழை மக்களின் பாட்டு 'கன்றி' இசை என வணிகப்பெயர் பெற்றது. 1927இல் பிறிஸ்டல் நகரில் இசைத்தட்டு நிறுவனமொன்று கிராமியப் பாடகரை வரவழைத்து ஒலிப்பதிவு செய்தமை அதன் வரலாற்றில் ஒரு திருப்பம். அங்கு பாடிய குடும்பமொன்றின் தலைவரான ஏ. பி. கார்ட்டர், பின்னர் மலையூர்கள்தோறும் சென்று பாடல்களைச் சேகரித்தார். லெஸ்லி றிடில் என்ற கறுப்பினக் கலைஞர் உடன்சென்று மெட்டுகளை மனத்திற் பதித்துக்கொண்டார். அவ்வாறு சேகரித்த பாடல்கள் கார்ட்டரின் பெயரிற் பதிப்புரிமை பெற்றன. பொதுச் சொத்தாயிருந்த பாட்டு தனிச்சொத்தாகிய முறை இது.

அதே நாட்டில் மிசூரி மாநிலத்து ஓசார்க் மலைப்பகுதியில் பிரான்சன் என்ற சிற்றூர் உண்டு. ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் பேரே வாழும் இவ்வூருக்கு, 1907இல் வெளிவந்த நாவலொன்றைப் படித்தோர் முதலில் வரத் தொடங்கினர். 1967இல் உள்ளூர்க் குடும்பமொன்று நெடுஞ்சாலையோரம் அரங்கு கட்டி இசை நிகழ்ச்சி நடத்தலாயிற்று. 1983இல் புகழ்பெற்ற பாடகர் றோய் கிளார்க்கின் அரங்கு அங்கு திறக்கப்பட்டதும், வயது முதிர்ந்த பாடகர் பலர் அவ்வழியைப் பின்பற்றினர். ஊர்தோறும் அலைந்து பாடிய பாடகன் ஓரிடத்தில் அமர்ந்தான். காண்போர் விடுமுறையில் அவனைத் தேடி வந்தனர். நிகழ்ச்சிகள் குடும்பத்துக்கு உகந்தன என்பதே அவ்வூரின் முதன்மை விளம்பரம்.

பிரான்சனை ஏளனஞ் செய்வது எமது நோக்கமன்று. முதிர்ந்த பாடகனுக்கு நிலையான வருவாயும், தளராத மதிப்பும், தன் முன்னே உயிரோடு அமர்ந்த அவையும் அங்கு கிடைத்தன. எமது முதிர்ந்த அண்ணாவிமார் பலருக்கு இவற்றுள் முதலாவது ஒருபோதும் கிடைத்ததில்லை. ஆயின் அங்கு காண்போர் ஒருவரையொருவர் அறியார். பாடுவோனையும் புகழால் மட்டுமே அறிவர். இரண்டு மணி நேரத்துக்குப் பின் பேருந்து புறப்படும். களரியிற் குடும்பம் என்றது ஆடுவோனையும் உள்ளடக்கிய உறவு. விடுமுறை ஊரிற் குடும்பம் என்பது நுழைவுச்சீட்டு வாங்கும் ஓர் அலகு. ஒரே சொல்லின் பொருள் இவ்வாறு தலைகீழாகிவிட்டது.

6

அவ்வாறாயின் களரிக்கே மீளவேண்டுமா? மீளுதல் இயலாது; இயலினும் அது விரும்பத்தக்கதன்று. போடியாரின் களரியையும் பெண்ணை வெளியே இருத்திய களரியையும் மீட்டெடுக்க எவரும் போராட வேண்டியதில்லை.

போர்க்காலம் இங்கு ஓர் உண்மையை உணர்த்தியது. ஊரடங்குச் சட்டமும் சுற்றிவளைப்பும் இரவை மக்களிடமிருந்து பறித்தன. வாவியின் இரு கரைகளும் இரு வேறு அதிகாரங்களின் கீழ்ப் பிரிந்து நின்ற காலத்தில், விடியும்வரை ஓர் ஊர் கூடியிருத்தல் என்பதே ஆபத்தாயிற்று. கூத்து ஆடப்படாத ஆண்டுகள் பல கழிந்தன. ஆயினும் போர் ஓய்ந்த இடைவெளிகளில் மக்கள் முதலிற் செய்தவற்றுள் ஒன்று மீண்டும் கூத்தைப் பழகியது. அவர்கள் நாடியது பழைய கதையை மட்டுமன்று. அச்சமின்றிக் கூடியிருக்கும் இரவையும் நாடினர்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், மட்டக்களப்பு நகரை அண்டிய சீலாமுனைக் கிராமத்தில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் ஊரவரோடு இணைந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்க முயற்சி இவ்வகையிற் கருதத்தக்கது. அங்கு கூத்து மேடைக்காகச் சுருக்கப்படவில்லை. களரியிலேயே ஊரவரின் கலந்துரையாடலுக்கு உட்பட்டது. சாதியையும் பெண்ணின் நிலையையும் பற்றிய வினாக்கள் ஆடுவோரிடையே எழுப்பப்பட்டன. கல்லடியில் இயங்கும் விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் மாணவியர் கூத்துப் பயில்கின்றனர். களரியின் விளிம்பில் அமர்ந்து பாட்டை மனப்பாடஞ் செய்த பெண்களின் பேத்தியர் இன்று சதங்கை கட்டுகின்றனர். 'மதங்க சூளாமணி' எழுதி நாடகவியலைத் தமிழருக்கு நினைவூட்டிய விபுலானந்த அடிகளின் பெயரைத் தாங்கிய நிறுவகத்தில் இது நிகழ்வது பொருத்தமானதே.

எஞ்சியுள்ள பிரச்சினை பொருளாதாரம் சார்ந்தது. அண்ணாவியாரின் அறிவு பட்டப்படிப்பின் பாடமாகிவிட்டது, ஆய்வேடுகளின் பொருளாகிவிட்டது, வரவேற்பு விழாக்களின் அலங்காரமுமாகிவிட்டது. அண்ணாவியார் தோணியிலும் வயலிலும் கூலி வேலையிலும் நின்றே வாழ்கின்றார். அவரிடம் கற்றதை எழுதிப் பட்டம் பெறுவோருள், எம்மையும் உள்ளிட்டே கூறுகின்றோம், அவருக்குப் பொன்னாடை போர்த்தியதோடு கடன் தீர்ந்ததாகக் கருதுவோரே பலர். பொன்னாடை பழைய சன்மானத்தின் சாயல். ஆனால் சன்மானம் வழங்கிய ஊர் அவருடைய நோயிலும் முதுமையிலும் அவரோடு நின்றது. பொன்னாடை போர்த்துவோர் விழா முடிந்ததும் வாகனம் ஏறுகின்றனர். பழைய உறவின் கடமையும் புதிய உறவின் ஊதியமும் ஒருங்கே இல்லாத இடைவெளியில் அவர் நிற்கின்றார்.

ஆகவே, கூத்துப் பயிற்றும் நிறுவனங்களில் அண்ணாவியார் வருகைதரு கலைஞராக அன்றி, ஊதியமும் ஓய்வூதியமும் உடைய ஆசிரியராக அமர்த்தப்படல் வேண்டும். ஏடுகளை அச்சிடுவோரும் ஆட்டத்தை ஒளிப்பதிவு செய்வோரும் அவற்றின் உரிமையை ஊரின் பெயரிலேயே வைத்தல் வேண்டும். உல்லாச விடுதிகள் கலைஞரை அழைக்குமாயின், கூலியும் நேரமும் கலைஞர் குழுவோடு ஒப்பந்தஞ் செய்யப்படல் வேண்டும். எதை ஆடுவது, எவ்வளவு ஆடுவது என்பதைச் சொல்லும் உரிமை ஆடுவோருக்கே இருத்தல் வேண்டும். பறைமேளக் கலைஞருக்கும் இவை குறைவின்றிப் பொருந்தும்.

தொம்சன் கவிதையின் வேரைக் கண்ட பிளாஸ்கெற் தீவிலிருந்து 1953இல் இறுதிக் குடிகளும் வெளியேறினர். அவர்தம் கதைகள் நூல்களில் வாழ்கின்றன. தீவைக் காணப் பயணிகள் படகேறிச் செல்கின்றனர். கலையைப் பதிவு செய்வதும் கலைஞரை வாழவைப்பதும் வெவ்வேறு பணிகள் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. ஆரையம்பதியிலும் வாவியின் இரு கரைகளிலும் மத்தள ஒலி இன்னும் நின்றுவிடவில்லை. அதனை ஆராய்வோராகிய நாம், அவ்வொலியின் இலக்கணத்தை எழுதுவதோடு அதனை எழுப்பும் கைகளின் கூலிக்காகவும் குரல் கொடுப்பதே மக்கள் கலை ஆய்வின் உரிய பணியாகும்.